ஐப்பசிக் கதவு

என் வயிற்றை நாற்பது நிமிடத்தில் தைத்துவிட்டார்கள்.
காரைக்குடி ஆஸ்பத்திரி, புதன்கிழமை.
தையல் போட்டவர் ஏதோ கல்யாணத்துக்குப்
போகிற அவசரத்தில் இருந்தார்.

அவன் நெஞ்சை
இன்னும் மூடவில்லை.

மதுரையிலிருந்து சவரிராசு பேசுகிறான்.
இடம் மாறிப் பிறந்த இரண்டு குழாய்களை
வெட்டி, மாற்றி, ஒட்டியாயிற்றாம்.
"எல்லாம் நல்லபடிதான். ஆனா திறந்தே வச்சிருக்காக."
திறந்தேன்னா?
"திறந்தே."
பின்னால் யாரோ டோக்கன் நம்பர் கூப்பிடுகிறார்கள்.
அவனுக்கு அதற்குமேல் வார்த்தை இல்லை.
எனக்கு அதற்குமேல் காது இல்லை.

நர்ஸ் பொற்கொடிதான் ராத்திரி விளக்கினாள்.
எலுமிச்சை அளவு இதயம்,
கத்தி பட்டதில் வீங்கிக் கிடக்கிறது.
எலும்பை இழுத்துக் கட்டினால் நசுங்கும்,
துடிக்க இடம் போதாது.
அதனால் மேலே மெல்லிசாய் ஒரு படலம்.
அசையாதிருக்க மருந்து. மூச்சுக்கு மெஷின்.
"அடியில துடிக்கிறது தெரியுதுக்கா,
கண்ணாலயே பாக்கலாம்."

நான் அவன் முகத்தையே ஒருதரம்தான் பார்த்தேன்.
நீலமாக இருந்தது.
என் கண்ணில்தான் மயக்கம் என்று நினைத்தேன்.

கட்டிலில் எழுதியிருக்கிற பெயர்
பேபி ஆஃப் அடைக்கலமேரி.
ஞானஸ்நானத்துக்கு வைத்திருந்த பெயரை
யாரிடமும் சொல்லவில்லை இன்னும்.

விடிகாலை ஐந்தரைக்குப் பால் பீய்ச்சுகிறேன்.
குடிக்க மாட்டான், தெரியும்.
பஞ்சில் நனைத்து உதட்டில் தடவுவார்களாம்.
அந்த ஒரு சொட்டுக்கு
ஐஸ் போட்ட மீன்பெட்டி,
பள்ளத்தூரில் டவுன் பஸ்,
புது பஸ் ஸ்டாண்டில் மதுரை வண்டி.
தம்பி லூர்து ஏற்றிவிடுவான்.
கண்டக்டர் முதல் நாள் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.
மறுநாள் என்ன மீன் என்று கேட்டார்.
அதற்கடுத்த நாளிலிருந்து
பெட்டி அவர் மடியில் போகிறது.

மழை.
சிங்கப்பூரிலிருந்து மெய்யம்மை ஆச்சி வாட்ஸப்பில்:
"கதவெல்லாம் அடைச்சியா?
வர்ற வாரம் ஷூட்டிங்காரங்க வர்றாக."
பிறகுதான் பிள்ளையைக் கேட்டாள்.
வரிசையைக் குறை சொல்ல மாட்டேன்,
ஆபரேஷனுக்குக் கட்டியதில் பாதி அவள் பணம்.

குனியக் கூடாத உடம்போடு
சாவிக்கொத்தைத் தூக்கிக்கொண்டு போனேன்.
பதினேழு கதவும் மூடின.
இரண்டாம் கட்டின் தேக்குக் கதவு மட்டும்
நிலையில் இடித்து நின்றது,
ஐப்பசி ஈரத்தைக் குடித்துப் பெருத்து.
தோளால் ஒரு தள்ளு.
என் தையல் சுரீரென்றது.
போன வருஷம் இதையே அடித்து மூடி
சட்டம் பிளந்தது ஞாபகம் வந்தது.
விட்டேன்.
செங்கல் ஒன்றை அண்டக் கொடுத்து
சாரல் அடிக்காமல் இடைவெளிக்கு
பாலித்தீன் தாள் கட்டினேன்.

கட்டிவிட்டுத் திரும்பினால்
தாள் உள்ளே ஒடுங்கியது,
வெளியே புடைத்தது.
காற்றுதான்.
உள்ளே.
வெளியே.
ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.
கண்ணாலயே பாக்கலாம் என்றாளே.

நாலாம் நாள் மூடப் பார்த்தார்கள்.
பிரஷர் இறங்கியது.
திரும்பவும் திறந்துவிட்டார்கள்.
இதைச் சொல்லிவிட்டு சவரிராசு
சாப்பிட்டியா என்றான்.
சாப்பிட்டேன் என்றேன். இரண்டும் பொய் என்றால்
எவ்வளவு நன்றாயிருக்கும்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரே பேச்சு
அவன் ஒன்றுக்குப் போவது.
நீர் பிரிந்தால் வீக்கம் வடியுமாம்.
மணிக்கு எத்தனை மில்லி என்று
லூர்து மளிகைக்கணக்கு நோட்டில் எழுதுகிறான்.
பன்னிரண்டு. ஒன்பது. பதினாலு.
பதினாலுக்கு
பக்கத்து வீட்டுக்கெல்லாம் கடலைமிட்டாய் கொடுத்தான்.

சனிக்கிழமை பகலில் போன்.
"மூடிட்டாக."
எதை, கேன்டீனையா என்றேன்.
அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்தது,
சிரிப்பென்றும் சொல்லலாம்.
பிரஷர்? "நிக்குது." மூச்சு? "மெஷின்தான் இன்னும்.
பாப்போம்னாக."

தேக்குக் கதவு மூடவில்லை.
நான் தள்ளிப் பார்க்கவும் இல்லை.
ஷூட்டிங்காரர்களுக்குத் திறந்த கதவு ஆகாதென்றால்
தை பிறந்து வரட்டும்.